கண்ணூறா, வயிற்றுப் பூச்சியா?

 

மாரி மழை விழத் தொடங்கிவிட்டால் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள நம் ஊர்களின் முகமே மாறிவிடும். கச்சான் காற்றில் காய்ந்து கிடந்த வளவெல்லாம் பச்சைப் பாய் விரித்தாற் போலாகிவிடும். கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி என்று எங்கு போனாலும் ஒழுங்கை ஓரத்திலும் வயல் வரம்பிலும் மையவாடி மதிலோரத்திலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். திருகோணமலை நகருக்குள் போனால் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான்.

ஆனால் அந்தப் பச்சைப் புல்லோடு ஒரு துயரமும் சேர்ந்தே வருகிறது. மழை தொடங்கிய சில கிழமைகளில், நேற்று வரை துள்ளித் திரிந்த குட்டி தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். தாயிடம் பால் குடிக்க வராது. ஒரு காலையில் பட்டிக்குள் போய்ப் பார்த்தால் விறைத்துக் கிடக்கும். "கண்ணூறு பட்டுட்டு" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

இம்மாதம் இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. அது ஒரு கடன் என்றே சொல்லலாம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தாயார் ஒரு போத்தல் தண்ணீருடன் மத்ரஸாவுக்கு வந்தார். கணவரை இழந்தவர். இரண்டு மறியாடுகளும் மூன்று குட்டிகளும்தான் அவருடைய சேமிப்பு. குட்டிகளை வளர்த்து விற்று மகளின் படிப்புச் செலவைச் சமாளிக்க எண்ணியிருந்தார்.

"மௌலவி, எங்கட குட்டி மூணும் வாடிப் போய்க் கிடக்கு. ஆரோ கண்ணூறு போட்டிருக்காங்க. இந்தத் தண்ணியக் கொஞ்சம் ஓதித் தாங்க" என்றார்.

நானும் ஸூறத்துல் பாத்திஹாவையும் இன்னும் சில ஆயத்துகளையும் ஓதிக் கொடுத்தேன். குட்டிகளுக்கு என்ன செய்கிறது, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, யாரிடமாவது காட்டினீர்களா என்று ஒரு கேள்வி கூட நான் கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு வகுப்புகள் பாக்கி இருந்தன. அவசரம்.

அடுத்த கிழமைக்குள் இரண்டு குட்டிகள் செத்துவிட்டன. மூன்றாவதை அந்த மாணவர் சைக்கிள் கூடையில் வைத்து அரசாங்க கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கிருந்த டொக்டர் குட்டியின் கீழ் இமையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணூறு இல்ல தம்பி. இந்தக் கண்ணைப் பாருங்க, இரத்தமே இல்ல" என்று சொல்லி மருந்து கொடுத்தாராம். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது.

பிறகு அந்தத் தாயாரை ஒழுங்கையில் கண்டேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க ஓதின தண்ணி நல்லதுதான் மௌலவி. ஆனா, டொக்டரட்டயும் காட்டு எண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கண்ணூறு உண்மை என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வந்திருக்கிறது. குர்ஆன் ஆயத்துகளை ஓதி ஷிபா தேடுவதும் ஆகுமானதே. இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் கண்ணூறுதான் காரணம் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்கு மருந்தையும் இறக்கியே இருக்கிறான், ஆகவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்திருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்ற போதனையும் நாம் அறிந்ததே. கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் என்று சொல்வது தவக்குல் ஆகாது. அது சோம்பல்.

ஆட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஒட்டகங்களின் கழுத்தில் கண்ணூறுக்காகக் கட்டப்பட்டிருந்த வில்நாண்களை வெட்டிவிடும்படி நபியவர்கள் ஒரு பயணத்தில் ஆள் அனுப்பிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதே கையால் ஆட்டின் இமையை விலக்கிப் பாருங்கள். பயன் அதில்தான் இருக்கிறது.

இது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் பட்டினியாலும் வேலைப் பளுவாலும் வாடிய ஒட்டகமொன்று நபியவர்களைக் கண்டதும் கண்ணீர் விட்டது. அவர்கள் அதைத் தடவி அமைதிப்படுத்தினார்கள். பின் அதன் சொந்தக்காரரை அழைத்து, அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விடயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள். நம் பட்டியில் தலை தொங்கி நிற்கும் குட்டிக்கும் வாயில்லை. அதற்காக நாம்தான் பேச வேண்டும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

அந்த டொக்டரிடமே பிற்பாடு நான் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். இது பற்றிய நூல்களையும் தேடிப் படித்தேன். நமது வீட்டு மொழியில் சொல்கிறேன்.

ஆட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. நான்காவது அறையில் குடியிருக்கும் ஒரு பூச்சிதான் நம் போன்ற வெப்ப நாடுகளில் ஆடுகளின் பெரிய எதிரி. அதன் பெயர் ஹீமோன்கஸ். 2 அல்லது 3 சென்ரிமீற்றர் நீளம், தையல் நூலின் பருமன். பெண் பூச்சியைப் பார்த்தால் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியது போலிருக்கும். சிவப்பு, அது குடித்த இரத்தம்.

ஒரு பூச்சி நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர் இரத்தம் எடுக்கும். துளிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பூச்சி இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லிலீற்றர். 10 கிலோ எடையுள்ள ஒரு குட்டியின் உடம்பில் மொத்தம் இருப்பதே சுமார் 700 மில்லிலீற்றர்தான். புதிய இரத்தம் ஊறிக்கொண்டே இருப்பதால் குட்டி சில நாள் தாக்குப் பிடிக்கும். ஊறுவதைவிட உறிஞ்சுவது கூடிவிட்டால் விழுந்துவிடும். நன்றாக மேய்ந்த குட்டி திடீரென்று செத்தது என்று நாம் சொல்வதன் இரகசியம் இதுதான். அது திடீரென்று சாகவில்லை. நாம்தான் திடீரென்று பார்த்தோம்.

ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 5000 முட்டைக்கு மேல் இடும். முட்டை புழுக்கையோடு நிலத்தில் விழும். சூடும் ஈரமும் இருந்தால் ஒரு கிழமை அளவில் அது புல்லேறத் தயாரான சிறு புழுவாகிவிடும். புல்லின் மேலுள்ள பனி நீரிலும் மழை நீரிலும் நீந்தி மேலே ஏறும். ஆடு அந்தப் புல்லைத் தின்னும். மூன்று கிழமையில் அது வயிற்றுக்குள் முட்டையிடும் பூச்சியாகிவிடும். கச்சான் காலத்தில் வெயில் அவற்றைக் கருக்கிவிடுகிறது. மாரியில் அவை பெருகுகின்றன. பச்சைப் புல்லும் துயரமும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொரு செய்தி. குட்டி ஈனும் காலத்தை ஒட்டித் தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி குறையும். அப்போது அதன் புழுக்கையில் முட்டைகள் கூடுதலாக வெளிவரும். குட்டி முதன்முதலாகப் புல் கடிக்கும் இடம் தாய் நிற்கும் இடம்தான். ஆகவே குட்டியைக் காப்பாற்ற விரும்பும் சகோதரி தாயாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எப்படி அறிந்துகொள்வது?

இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. வெளிச்சமான இடத்தில் ஆட்டைப் பிடித்து, பெருவிரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி, மற்றப் பெருவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்து, உட்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். மாதுளை முத்துப் போல் சிவந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இளஞ்சிவப்பானால் எச்சரிக்கை. கழுவிய சோறு போல் வெளுத்திருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

தென்னாபிரிக்காவில் 1990களில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை வைத்தியரும் அவரது தோழர்களும் இந்த நிறங்களை ஐந்து படிகளாக ஓர் அட்டையில் அச்சிட்டார்கள். அவரது பெயரைக் கொண்டே அதற்கு ஃபமாச்சா அட்டை என்று பெயர். இன்று பல நாடுகளில் ஆடு வளர்ப்போர் அதை வைத்தே எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று முடிவு செய்கிறார்கள். முதல் இரண்டு படிகளுக்கு மருந்து தேவையில்லை. நான்கும் ஐந்தும் கட்டாயம். மூன்றாவது படி என்றால் பெரிய ஆட்டுக்கு யோசிக்கலாம், குட்டிக்குத் தாமதிக்கக் கூடாது. மாரி காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு முறையாவது இமை பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போல் வீங்கியிருந்தால் அதுவும் இரத்தம் வற்றிப் போனதன் அடையாளம். சிலர் அதைக் கழுத்துக்கட்டி என்று நினைத்துச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். அதனால் பயனில்லை.

கழிச்சல் இல்லையே, அப்படியானால் பூச்சி இல்லை என்று எண்ண வேண்டாம். இந்தப் பூச்சி பெரும்பாலும் கழிச்சலை உண்டாக்குவதில்லை. கழிச்சல் வேறு கதை. மூன்று கிழமை முதல் நான்கைந்து மாதம் வரையுள்ள குட்டிகளுக்கு நாற்றமடிக்கும் கழிச்சல், சில வேளை இரத்தம் கலந்து வந்தால், கொக்சிடியா எனும் கண்ணுக்குத் தெரியாத கிருமியாக இருக்கலாம். அது பூச்சியே அல்ல. பூச்சி மருந்து அதற்கு வேலை செய்யாது. அதற்கு வேறு மருந்து உண்டு. நம் நாட்டு உலர் வலயத்தின் கலப்பின ஆடுகளில் இந்தக் கிருமியும் வயிற்றுப் பூச்சிகளும் பரவலாகக் காணப்படுவதை பைசல், ராஜபக்ச ஆகிய ஆய்வாளர்கள் 2001 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இது உங்கள் வளவுக்கு மட்டும் வந்த சோதனையல்ல.

புழுக்கையில் அரிசி மணி போல் வெள்ளைத் துண்டுகளைக் கண்டால் அது நாடாப் பூச்சி. கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதற்கே பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அதனால் வரும் கெடுதி குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் குடிப்பதே கொல்கிறது.

ஆடு பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, எழும்ப முடியாமல் கிடந்தாலோ அதை வயிற்றுப் பூச்சி என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். மாட்டின் உடம்பிலுள்ள ஒரு வகைப் புழுவை நுளம்பு ஆட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க, அது ஆட்டின் முதுகுத் தண்டைத் தாக்குவதுண்டு. 1950களிலேயே இலங்கையில் ஆராயப்பட்ட நோய் அது. மாட்டுப் பட்டிகள் நிறைந்த நம் பகுதியில் மாலையில் ஆட்டுக்கூட்டுக்குப் புகை போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மருந்து கொடுக்கும் முறை

கிழக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் நம் பகுதிகளில் அரசாங்க கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. புதிய புழுக்கையில் பத்துப் பதினைந்து மணிகளைச் சிறு பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டு போங்கள். எந்தப் பூச்சி, எவ்வளவு முட்டை என்று சோதித்து அறியும் வழி இருக்கிறது. கடையில் போய் "ஒரு பூச்சி மருந்து தாங்க" என்று வாங்கி வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

அல்பென்டசோல், ஃபென்பென்டசோல், லெவாமிசோல், ஐவர்மெக்டின் என்பன வழக்கிலுள்ள மருந்துகள். இதில் ஐவர்மெக்டினின் கதையைக் கேளுங்கள். ஜப்பானில் சதோஷி ஒமுரா என்ற விஞ்ஞானி ஒரு பிடி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து அது பிறந்தது. அமெரிக்காவில் வில்லியம் கம்பெல் அதன் மருந்துக் குணத்தைக் கண்டார். 1981 ஆம் ஆண்டு முதல் கால்நடைகளுக்கு வந்தது. பின்னர் ஆபிரிக்காவில் ஆற்றோர மக்களின் கண்களைக் குருடாக்கிய நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. 2015 ஆம் ஆண்டு அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை இறக்கியவன் அல்லாஹ். அதை நம் காலடி மண்ணிலேயே வைத்திருந்தான். தேடியவர் கண்டார்.

மருந்து கொடுக்கும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எடை. கண் மதிப்பில் கொடுக்காதீர்கள். ஆள் நிறுக்கும் தராசில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். பிறகு குட்டி இல்லாமல் ஏறுங்கள். கழித்தால் வருவது குட்டியின் எடை.

இரண்டாவது, அளவு. வெள்ளாட்டின் ஈரல் மருந்தைச் செம்மறியைவிட விரைவாகக் கரைத்துவிடும். அதனால் செம்மறிக்கு எழுதப்பட்ட அளவு பெரும்பாலும் இதற்குப் போதாது. ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை தேவைப்படும். ஆனால் லெவாமிசோல் போன்றவை கூடினால் நஞ்சாகிவிடும். ஆகவே எந்த மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். ஆடு சினையாக இருந்தால் அதையும் மறக்காமல் அவரிடம் கூறுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பென்டசோல் கொடுப்பது குட்டிக்கு ஆபத்து.

மூன்றாவது, கொடுக்கும் விதம். ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயின் ஓரத்தால் உள்ளே விட்டு நாக்கின் பின்புறத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கக் கூடாது. தூக்கினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பூச்சியால் சாக வேண்டிய குட்டி நம் கையாலேயே செத்துவிடும்.

நான்காவது, எல்லா ஆட்டுக்கும் மாதா மாதம் மருந்து ஊற்றும் பழக்கம். இது கெட்ட பழக்கம். மருந்துக்குச் சாகாத பூச்சிகள் மட்டும் மிஞ்சி, அவையே பெருகும். பிறகு அந்த வளவில் எந்த மருந்தும் கேட்காது. உலகம் முழுவதும் ஆடு வளர்ப்போர் இன்று படும் பாடு இதுதான். இமை சிவந்த ஆட்டை விட்டுவிடுங்கள். இமை வெளுத்ததற்குக் கொடுங்கள். அரை மருந்து கொடுத்து மீதியை அடுத்த மாதத்துக்கு வைப்பதும் இதே கேட்டைத்தான் கொண்டுவரும். மருந்து கொடுத்துப் பத்துப் பதினான்கு நாளில் மீண்டும் புழுக்கையைச் சோதித்தால் மருந்து கேட்டதா இல்லையா என்பது தெரியும்.

மருந்தைவிட மேலானது

நம் பெண்கள் வளவில் ஒரு கட்டை அடித்து ஆட்டைக் கட்டுவார்கள். கயிறு எட்டும் வட்டத்துக்குள் ஆடு மேயும். அதே வட்டத்துக்குள் புழுக்கை போடும். நாளையும் அதே கட்டை, அதே வட்டம். பூச்சிக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. கட்டையை மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றி அடியுங்கள். ஒரு முறை மேய்ந்த இடத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆட்டைக் கொண்டு போகாதீர்கள்.

இது நான் சொந்தமாகச் சொல்வதல்ல. பசிபிக் சமுத்திரத்திலுள்ள தொங்கா தீவில், நம்மைவிட ஈரமான இடத்தில், புல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் வீதம் வெள்ளாடுகளை மேயவிட்டுப் பார்த்த ஆய்வு 1994 ஆம் ஆண்டு வெளியானது. திரும்ப முதல் துண்டுக்கு வருவதற்குள் ஒரு மாதம் கடந்துவிடும். சூட்டில் விரைவாக ஓடித் திரியும் சிறு புழுக்கள் தீனியின்றி அதற்குள் பெரும்பாலும் செத்துவிடுகின்றன. ஆடுகளின் பூச்சிச் சுமை வெகுவாகக் குறைந்தது.

காலைப் பனி காயும் முன் ஆட்டை அவிழ்க்காதீர்கள். புல்லை மொட்டையாகக் கடிக்கும் வரை ஒரே இடத்தில் விடாதீர்கள். புழுக்கள் பெரும்பாலும் நிலத்தை ஒட்டியே இருக்கின்றன. வெள்ளாடு இயற்கையிலேயே குழை தின்னும் பிராணி. கிளிசரிடியா, பலா இலை, முருங்கை, இப்பில் இப்பில் என்று உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அது எட்டித் தின்னும். உயரத்தில் இருப்பதில் பூச்சி இல்லை. கொஞ்சம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கிடைத்தால் உடம்பு தேறும். தேறிய உடம்பு பூச்சியைத் தாங்கிக் கொள்ளும்.

கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, சலாகை இடைவெளி விட்டுத் தளம் அமைத்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும். கூட்டிய புழுக்கையை மேயும் இடத்தில் கொட்டாமல் ஒரு மூலையில் குவித்து மக்கவிடுங்கள். குவியலின் சூட்டில் முட்டைகள் அழியும். மரக்கறிப் பாத்திக்கும் நல்ல பசளையாகும். தீனியையும் தண்ணீரையும் தரையில் வைக்காமல் புழுக்கை விழாத உயரத்தில் வையுங்கள்.

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் சேர்க்காதீர்கள். நோயுற்ற பிராணிகளை உடையவர் அவற்றை ஆரோக்கியமான பிராணிகளிடம் கொண்டு வர வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்திருப்பது நாம் அறிந்ததே. இரண்டு கிழமை தனியாகக் கட்டி, புழுக்கை பார்த்து, பின் சேருங்கள்.

சகோதரிகள் கேட்ட சில கேள்விகள்

பூச்சியும் அல்லாஹ்வின் படைப்புத்தானே, மருந்து கொடுத்து அதைக் கொல்வது பாவமாகுமா என்று ஒரு சகோதரி கேட்டார். தீங்கு செய்யும் உயிரை அகற்றுவது பாவமல்ல. நம் பொறுப்பிலுள்ள பிராணி வதைபடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கேள்வி கணக்குக்குரியது.

வேப்பிலை, பப்பாளி விதை, வெள்ளைப்பூடு கொடுக்கலாமா? கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் இமை வெளுத்த குட்டியை அவற்றை நம்பி வைத்திருக்காதீர்கள். இரத்தம் வற்றும் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கும் என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

சாகப் போகும் குட்டியை அறுத்து உண்ணலாமா? உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்தால் ஹலால். கஅப் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் ஆடுகளை ஸல்உ மலையடியில் மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஓர் ஆடு சாகும் நிலையில் இருப்பதைக் கண்டு கல்லை உடைத்து அறுத்தார். அதை உண்ண நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. பெண் அறுத்தால் கூடாது என்று எண்ணுவோருக்கும் இதில் பதில் இருக்கிறது. தானாகச் செத்தது ஹராம். ஆனால் ஒரு நிபந்தனையை மறக்காதீர்கள். மருந்து கொடுத்த ஆட்டின் இறைச்சியையும் பாலையும் குறிப்பிட்ட நாட்கள் வரை உண்ணக் கூடாது. மருந்துக்கு மருந்து அந்த நாட்கள் மாறும். அளவு கூடினால் நாட்களும் கூடலாம். வைத்தியரிடம் கேட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

இங்கேதான் வியாபாரமும் வருகிறது. நேற்று மருந்து கொடுத்த கிடாயை இன்று இறைச்சிக்கடைக்காரருக்குச் சொல்லாமல் விற்பதும், தாடை வீங்கிய குட்டிக்கு உப்புத் தண்ணீர் பருக்கி வயிறு உப்பச் செய்து விற்பதும் மோசடி. மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்த தானியம் வைத்த வியாபாரியிடம் நபியவர்கள் எவ்வளவு கடுமையாகப் பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குறையைச் சொல்லி விற்றால் விலை குறையும். பரக்கத் குறையாது.

உழ்ஹிய்யாவுக்கு நம் ஷாபிஈ மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டும். தெளிவான நோயுள்ளதும், மச்சை வற்றும்படி மெலிந்ததும் கூடாது. அகீகாவுக்கும் இதுவே சட்டம். இரண்டு வருடம் வளர்த்த கிடாய் இரண்டாவது மாரியில் பூச்சியால் வற்றிப் போனால் உழைப்பும் போகும், நிய்யத்தும் நிறைவேறாது. உழ்ஹிய்யாவுக்கான அக்கறை துல்ஹஜ் பிறை கண்ட பின் தொடங்குவதல்ல. குட்டி பிறந்த அன்றே தொடங்குவது.

ஆடு வளர்ப்பு சிறிய வேலை என்று எண்ணாதீர்கள். ஆடு மேய்க்காத நபி ஒருவரும் இல்லை. உம்மு ஹானி (ரழி) அவர்களிடம் ஆடு வளர்க்கும்படியும் அதில் பரக்கத் இருப்பதாகவும் நபியவர்கள் சொன்னது இப்னு மாஜாவில் வருகிறது. அந்தச் சொல் ஒரு பெண்மணியிடம் சொல்லப்பட்டது என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தாலும் சுனாமியாலும் ஆண் துணை இழந்த எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது இந்த பரக்கத்தால்தான்.

நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தாயாரின் மூன்றாவது குட்டி மறிக்குட்டி. அது வளர்ந்து இப்போது தாயாகிவிட்டது. சென்ற மாரியில் அவர் மறுபடியும் தண்ணீர்ப் போத்தலுடன் மத்ரஸா வாசலுக்கு வந்தார். நான் கேள்வி கேட்க வாய் திறக்கும் முன்பே சொன்னார்:

"டொக்டரட்டக் காட்டிட்டுத்தான் வாறன் மௌலவி. மருந்தும் குடுத்தாச்சி. இப்ப ஓதித் தாங்க."

நான் வகுப்பை நிறுத்திவிட்டு, நிதானமாக, முழுதாக ஓதிக் கொடுத்தேன்.

வாயில்லா ஜீவன்களின் விடயத்தில் நாம் விட்ட குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் பெண்களின் கைகளில் உள்ள சிறு செல்வத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.